வானலையும் வதனியின் வானும்

கம்பியில்லா இணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு பணி அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் "பகிடியா எழுதுங்கோ அண்ணை" என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பகிடிக்குக் குறைவில்லை. அன்ரனாக் கோபுரத்தில் ஏறியிருந்த நேரத்தைவிடக் கோபுரத்தின் அடியில் தேத்தண்ணி குடித்த நேரம் எனக்கு அதிகம். பாதுகாப்புப் பட்டி என் இடுப்பைச் சுற்றி வராததால் இரண்டு பட்டிகளை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறியவன் நான். ஒருமுறை பாதி உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டு "அளவெடுக்கிறன்" என்று கீழே நின்றவர்களுக்குச் சத்தம் போட்டேன். அளவும் இல்லை, ஒன்றும் இல்லை. இறங்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் நீங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே கேட்டுச் சிரித்தவைதான். ஆனால் நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வந்தால் பகிடி பாதியில் நின்றுவிடுகிறது. கோபம் வந்தால் எனக்குக் காது சிவக்கும். என் காதின் அளவு உங்களுக்குத் தெரியும். நான் குடியிருக்கிற அன்புவழிபுரம் முழுக்கத் தெரியும்படி சிவக்கும். இதை எழுதும்போதும் சிவந்துதான் இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள்.

எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றுகிற வண்டிக்கு வான் என்று பெயர். நாங்கள் பிழைப்பு நடத்துவது வானலையில். இந்த இரண்டு வானும் நிலாவெளி வீதியில் முட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். முட்டியதில் வானலைக்காரர் ஒருவருக்கும் காயமில்லை. கோபத்தின் முதல் காரணம் அதுதான்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முந்திய காலம். திருகோணமலை நகரில் இருந்த எங்கள் கம்பனிக் கிளையின் முன்மேசைக்கு ஒருநாள் ஒரு பெண் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். முன்மேசையில் இருந்த பிள்ளையிடம், "உங்கட சிக்னலால பிரச்சினை" என்றார்.

"சிக்னல் கிடைக்கேல்லையோ அக்கா? எந்த இடம்?"

"கிடைக்குது. கூடக் கிடைக்குது. அதுதான் பிரச்சினை."

என் கண்ணாடி அறைக்குள் இருந்து எனக்கு அது நன்றாகக் கேட்டது. வாயைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாதவன் நான். எழுந்து வெளியே வந்தேன்.

"தங்கச்சி, இந்த வேலைக்கு வந்து முப்பது வருசம் ஆகுது. சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை எண்டு திட்டு வாங்கியே தலைமயிர் போன ஆள் நான். கூடிப்போச்செண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான். உங்களைப் படம் எடுத்து, மாலை போட்டு, இந்தச் சுவரில மாட்டோணும்."

முன்மேசைப் பிள்ளை சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"மாலை போட்டுப் படம் மாட்டுற அளவுக்குத்தான் போனது," என்றார். "தப்பிட்டம். நீங்கள் சிரிச்சு முடியுங்கோ, பிறகு சொல்லுறன்."

பெயர் வதனி. நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் பிள்ளைகளை ஏற்றி நகரப் பாடசாலைகளுக்குக் கொண்டுவரும் ஸ்கூல் வான் ஓடுகிறவர். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த வான். முன் சின்னத்துக்குப் பின்னால் சிறிய ரேடார் ஒன்று இருக்கும். முன்னால் ஏதாவது வந்தால் அது அலை அனுப்பிப் பார்த்து, ஓட்டுபவர் மறந்தாலும் தானே பிரேக் பிடிக்கும். சாம்பல்தீவுக்கும் நிலாவெளிக்கும் இடையில் வீதி நேராக ஓடுகிற துண்டில், காலைவேளை, வானுக்குள் பிள்ளைகள் இருக்க, வெறும் வீதியில் அது தானாகப் பிரேக் பிடித்துவிட்டது. பின்னால் மீன் பெட்டியுடன் மோட்டார் சைக்கிளில் வந்த நியாஸ் என்ற வியாபாரி வானின் பின்பக்கத்தில் மோதினார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமிக்கு ஆசனக் கம்பியில் அடிபட்டு உதடு பிளந்தது.

பொலிசார் இருவரிடமும் கேட்டது ஒரே கேள்விதான். முன்னால் என்ன நின்றது?

"ஒண்டும் நிக்கேல்லை," என்றார் வதனி.

"ஒண்டுமே நிக்கல்ல," என்றார் நியாஸ்.

இரண்டு பேரும் உண்மை பேசினார்கள். அந்த உண்மைதான் வதனியைப் பிடித்துக் கொடுத்தது. கவனயீனமாக வண்டி ஓடியதாக வழக்கு எழுதினார்கள். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தற்காலிகத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். துண்டு இருந்து என்ன, ஏறப் பிள்ளைகள் இல்லை. பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள். தூங்கிவிட்டாள் என்றார்கள். போனைப் பார்த்திருப்பாள் என்றார்கள். எக்ஸிலேட்டர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்திருப்பாள், பொம்பிளை ஓடினால் இப்படித்தான் என்று சந்திக்குச் சந்தி சொன்னார்கள். அந்த வீதியில் குடித்துவிட்டு வேலிக்குள் வண்டியை விட்ட ஆண்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைப் பற்றியும் 'ஆம்பிளை ஓடினால் இப்படித்தான்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வழக்கில் குற்றவாளியானால் இனி யாரும் அவரை நம்பிப் பிள்ளையை ஏற்றமாட்டார்கள். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"கராஜில கொம்பியூட்டர் போட்டுப் பாத்தவை," என்றார். "பிரேக்கில பிழையில்லையாம். ரேடார்தான் குழம்பியிருக்காம், வெளியில இருந்து ஏதோ அலை புகுந்திருக்காம். டவர்காரரைக் கேளுங்கோ எண்டவை. அதே இடத்தில முந்தியும் ரெண்டு தரம் 'பீப்' எண்டு சத்தம் போட்டது. அந்த ஹோட்டல் கூரையில நீங்கள் தட்டு வைச்ச பிறகுதான் இவ்வளவும்."

அந்தத் தட்டு அன்ரனா எனக்குத் தெரியும். கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு வேகமான இணைப்புக் கொடுக்க, கூரையில் ஒன்றும் சாம்பல்தீவுப் பக்கக் கம்பத்தில் ஒன்றுமாக எதிரெதிரே வைத்திருந்தோம். கூரையில் உயரமான கம்பம் வேண்டும் என்று நான் கேட்டேன். கலியாணப் படங்களில் கம்பம் விழும் என்று ஹோட்டல் முதலாளி மறுத்தார். கொழும்பில் இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் குட்டைக் கம்பத்துக்குச் சம்மதித்தார். நான் சத்தமாக முணுமுணுத்தேன். முணுமுணுப்பைக் கம்பனிக் கோப்பில் ஏற்றுகிற வசதி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆக, எங்கள் அலை வீதியின் தலைக்குமேலே பறக்காமல் அந்த நேர்த்துண்டின் வழியே, வான்களின் மூக்குக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. வதனியின் வானில் இருந்தது பழைய வகை ரேடார். அது வேலை செய்கிற அலைவரிசையும் எங்களுடையதும் ஒரே அயல். பெரும்பாலும் இப்படி அலை புகுந்தால் ரேடார் குருடாகும், எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். சிலவகை மட்டும் இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துவிடும். மிச்சக் கணக்கெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

நினைப்பது வேறு, பார்ப்பது வேறு. அளவுமானியை மடியில் வைத்துக்கொண்டு வதனியின் வானில் முன்னால் ஏறினேன். வீதி வெறிச்சென்றிருக்கும் பகல் நேரம். பின்னால் எவரும் வராதபடி கிளையின் வண்டி ஒன்றைக் குறுக்காக நிறுத்தியிருந்தேன்.

"பெல்ட் போடுங்கோ அண்ணை."

இழுத்தேன். என் வயிற்றைக் கடந்து பூட்டுக்கு எட்டவில்லை.

"மூச்சை உள்ளுக்கு இழுங்கோ."

"இழுத்துத்தான் இருக்கிறன் தங்கச்சி. இதுதான் உள்ளுக்கு இழுத்த அளவு."

ஒருவழியாகப் பூட்டினேன், அல்லது பூட்டியதாக நினைத்தேன். நேர்த்துண்டின் நடுவில், எதிரே ஆளும் இல்லை மாடும் இல்லை, வான் கீச்சிட்டுக்கொண்டு நின்றது. அளவுமானி என் காலடியில் கிடந்தது. என் நெற்றி முன் கண்ணாடியில் இருந்தது.

வதனி இரண்டு கைகளையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இப்ப சிரியுங்கோ."

கிளைக்குத் தொலைபேசி எடுத்து அந்த இணைப்பைச் சிறிது நேரம் நிறுத்தச் சொன்னேன். அதே இடம், அதே வேகம். வான் பேசாமல் போனது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி நின்றது. இம்முறை நெற்றிக்குக் கையைக் கொடுத்திருந்தேன்.

அங்கே நின்றபடியே கொழும்புக்கு எடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவருக்கு நான் வைத்திருந்த பெயர் வரம்புத்துரை. எதைச் சொன்னாலும் "வரம்புக்குள்ளயா?" என்று கேட்பார். வரம்புக்குள் என்றால் மனிதன் நிம்மதியாகிவிடுவார். எங்கள் வலைப்பின்னலில் தீப்பிடித்தாலும் வெப்பம் வரம்புக்குள்ளா என்றுதான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

"அலையின் வலு வரம்புக்குள்ளயா?" என்றார்.

"ஓம்."

"அனுமதிச்ச அலைவரிசைதானே?"

"ஓம். ஆனால் வான் நிக்குது."

"அப்ப அது வானின்ர பிரச்சினை. எங்கட அலை வரம்புக்குள்ளதான் இருக்கு."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. வதனி குனிந்து அதற்குள் சொன்னார்: "வரம்புக்குள்ள இருந்தா ஏன் ஐயா என்ர வானுக்குள்ள வந்தது?"

 அது யார் என்று கொழும்பு கேட்டது. அடிபட்ட கட்சி என்றேன். இணைப்பை இப்போதே நிறுத்துவோம், பொலிசாருக்குக் காட்டும்போது மட்டும் போடுவோம் என்று கேட்டேன். ஹோட்டலில் கலியாணம் நடக்கிறது, நிறுத்தினால் நாமே பிழையை ஒப்புக்கொண்டது போலாகும், எழுத்தில் அனுப்பு, நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

அன்று பின்னேரம் என் காரை அந்தத் துண்டின் ஓரத்தில் நிறுத்தி, விளக்கை மின்ன விட்டு, இரண்டு பக்கமும் போகிற வண்டிகளையெல்லாம் மெதுவாகப் போகும்படி கையசைத்துக்கொண்டு இருட்டும்வரை நின்றேன். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் எனக்கும் அன்பாகக் கையசைத்துவிட்டுப் போனார்கள். உள்ளூர் ஆட்கள், டீசல் முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். நின்றுகொண்டே அறிக்கையைத் தொலைபேசியில் தட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். எந்த அலைவரிசையில் எந்த வலுவில் வான் நிற்கிறது, மறுநாள் காலை பொலிசாருக்கு எங்கே காட்டப்போகிறேன் என்பதுவரை விளக்கமாக எழுதினேன். விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. நான் விதிமுறைப்படி நடந்த மிகச் சில நாட்களில் அது ஒன்று.

மறுநாள் போக்குவரத்துப் பகுதி இன்ஸ்பெக்டர் வந்தார். சிங்களவர், தமிழைப் படித்துப் பேசுகிறவர், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து மேசையில் வைப்பதுபோல் வைப்பார். தோளைத் துணியால் கட்டியபடி நியாசும் வந்து வீதியோரம் நின்றார். வதனி ஓட, இன்ஸ்பெக்டர் பின்னால் இருக்க, நான் நேற்று அடிபட்ட என் நெற்றியோடு முன்னால் இருந்தேன்.

வான் போனது. நிற்கவில்லை.

திரும்பிப் போய் மறுபடி வந்தோம். நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். தேர் இழுத்ததுபோல் அழகாகப் போனது.  முந்தியெல்லாம் நிற்காமல் இருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டிய வதனி, இன்று நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர். "வான் நல்ல வான். ரோட் நல்ல ரோட். அப்ப யார் கெட்டது?"

நியாஸ் வீதியோரத்தில் நின்றபடி சொன்னார், "அக்கா, நான் உங்களுக்கு எதிரா ஒண்டும் பொய் சொல்லல்ல. கண்டதைத்தான் சொன்ன."

"எனக்குத் தெரியும் தம்பி," என்றார் வதனி.  என் பக்கம் அவர் பார்க்காமல் இருந்ததுதான் தாங்கமுடியவில்லை.

கிளைக்கு எடுத்தேன். முன்மேசைப் பிள்ளைதான் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சேர், ராத்திரி கொழும்பில இருந்தே அலைவரிசையை வேற சனலுக்கு மாத்தி, வலுவையும் குறைச்சிருக்கினம். 'சேவை மேம்பாடு' எண்டு போட்டிருக்கு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நான் உங்களைத் தோளைப் பிடித்து உலுக்க விரும்புகிறேன். மாற்றியதற்காக எனக்குக் கோபம் இல்லை. மாற்றத்தான் வேண்டும், வீதியில் ஆபத்து இருந்தது. சொல்லாமல் மாற்றியதற்காகக் கோபம். என் அறிக்கையை வாசித்து, அதில் இருந்த அளவுகளைப் பார்த்து, எதை மாற்றினால் தடயம் போகும் என்று என்னிடமே படித்துத் தெரிந்துகொண்டு மாற்றினார்கள். எங்கள் வேலையில் பிழை கண்ணுக்குத் தெரியாது. திருத்தினால் அது இருந்ததற்கு ஒரு கீறல்கூட மிஞ்சாது. காட்டாமல் திருத்திவிட்டால் திருத்தியவன் கெட்டிக்காரன் ஆகிறான், சொன்னவள் பொய்காரி ஆகிறாள். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு இரண்டு பொத்தானை அழுத்தி ஒரு பெண்ணின் வாயை அடைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் சேவை மேம்பாடு.

என் மடிக்கணினி காரில் இருந்தது. பழைய சனலுக்குத் திருப்பும் அனுமதி என் பெயரில் இன்னும் இருந்தது. வரம்புத்துரைக்கு எடுத்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன்.

"தொடவேண்டாம்," என்றார். "யோசிச்சுப் பாருங்கோ. தெரிஞ்சுகொண்டே பொது ரோட்டில ஆபத்தைத் திரும்பப் போடப்போறீங்கள். யாருக்கும் ஏதும் நடந்தா நீங்கள்தான் உள்ளுக்குப் போவீங்கள்."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான வார்த்தையை அந்த நேரம் பார்த்துச் சொன்னார். அந்த வீதியில் பஸ் ஓடுகிறது, ஆட்டோ ஓடுகிறது, ஹோட்டல்களுக்கு என்னென்ன வண்டிகளோ போகின்றன. அவற்றில் எதற்குள் எந்த ரேடார் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் பொத்தானை அழுத்தியிருந்தால் நானும் அவரைப் போன்றவன்தான். அவர் ஒளித்துச் செய்ததை நான் வீரமாகச் செய்திருப்பேன், அவ்வளவுதான். காது பழுத்துப்போயிருந்தது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

ஒன்றும் மறைக்கவில்லை. இரவு மாற்றிவிட்டார்கள் என்றேன். திருப்பிப் போட என்னால் முடியும், போடக்கூடாது என்று என் மேலதிகாரி சொல்கிறார், ஆபத்தைப் பற்றி அவர் சொல்வது நியாயம் என்றேன். வீதியை இரண்டு பக்கமும் நீங்கள் மறித்தால்தான் போடுவேன், மறிக்காவிட்டால் போடமாட்டேன் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவின் கம்பனி, ஐயாவே பிழை சொல்றது?"

"ஓம்."

"வேலை போகும் தானே?"

"ஓய்வெடுக்கிற வயசுதான் சேர். அவங்கள் தள்ளிவிட்டா நடக்கிறது மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. வானையும் வதனியையும் பார்த்தார். பிறகு இரண்டு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்.

வீதி மறிக்கப்பட்டது. நிலாவெளி பஸ் ஒன்று வந்து நின்றது. கடற்கரைக்குப் போக வந்த சனம் இறங்கி, மறித்த இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நியாஸ், வீதியில் நின்ற ஒரு நாயைக்கூட ஒற்றைக் கையால் விரட்டினார். வீதியில் ஒன்றும் இல்லை என்பதை இன்ஸ்பெக்டர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து வானின் பின்வரிசையில் ஏறினார். பெல்ட் போடச் சொன்னேன். தேவையில்லை என்றார். நான் கணினியில் பழைய சனலைப் போட்டுவிட்டு முன்னால் ஏறினேன்.

"மெதுவாப் போங்கோ தங்கச்சி."

"அண்டைக்குப் பிள்ளையளோட போன வேகத்திலதான் போவன். எல்லாரும் பாக்கட்டும்," என்றார் வதனி.

வான் அந்த இடத்துக்கு வந்தது. வதனி இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்து, ஆசனத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். வான் தானாக, வீதி அதிர, நின்றது. இன்ஸ்பெக்டரின் தொப்பி எனக்கு மேலால் பறந்து முன் கண்ணாடியில் மோதி வதனியின் மடியில் விழுந்தது. மறித்த இடத்தில் நின்ற சனம் "ஓ" என்று கத்தியது கேட்டது.

வதனி தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் பின்னால் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் தலையில் வைத்தார். கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு பெல்டைப் பூட்டினார்.

"இன்னும் ஒரு தரம்," என்றார்.

இன்னும் ஒரு தரமும் நின்றது. உடனே இணைப்பைப் புதிய சனலுக்கு மாற்றினேன்; பஸ் போக வழிவிட்டார்கள். போகும்போது சாரதி வதனியைப் பார்த்து ஒருதரம் ஹோர்ன் அடித்தார்.

வழக்கை எடுத்துவிட்டார்கள். லைசன்ஸ் திரும்பி வந்தது. எங்கள் கம்பனி மட்டும், 'சோதனையில் இணைப்பு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இயங்கியது' என்று பொலிசாருக்கு அறிவித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அந்த வரியில் பொய் இல்லை. அதனால்தான் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காது சிவக்கிறது. எங்கள் அலை வரம்புக்குள். ரேடார் செய்தவனின் அலையும் வரம்புக்குள். கம்பத்தைக் குட்டையாக்கியவரின் கலியாணப் படமும் வரம்புக்குள். நியாசின் தோள் எலும்பு மட்டும் வரம்புக்கு வெளியே போய் முறிந்து நின்றதாக்கும்.

என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆபத்தைப் போட யார் அனுமதி தந்தது என்று கேட்டார்கள். அதற்கு முன் அவ்வளவு காலமும் அது வீதியில் கிடந்ததே, அதற்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டேன். அதைக் குறிப்பில் எழுதமுடியாது என்றார்கள். ஓய்வுக்கான நாளை நெருக்கமாகத் தள்ளினார்கள். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழையும் வரம்புக்குள் இருந்தபடியால் நானும் அமைதியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் வதனியின் வானில் பிள்ளைகள் ஏறவில்லை. பொலிஸ் விட்டதை ஊர் விடவில்லை. ஏதோ அலையாம், நம்புகிற கதையா என்றார்கள். வீட்டுக்கு வீடு விளக்கப் போகலாமா என்று வதனியிடம் கேட்டேன். படம் கீறிக்கூட வைத்திருந்தேன்.

"உங்கட படத்தை நீங்களே வைச்சிருங்கோ," என்றார். நன்றி சொல்லும் குரல் அல்ல. "உங்கட கம்பனி மாத்தினதை முதலே எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பொலிசுக்கு முன்னால என்னைப் பொய்காரியாக்கினீங்கள். இப்ப படம் கீறிக்கொண்டு வாறீங்கள். திங்கக்கிழமை காலமை நிலாவெளிக்கு வாங்கோ. முன் சீற்றில இருங்கோ. பெத்த ஆக்கள் பாக்கட்டும். பிரேக் பிடிச்சா உங்கட தலைதான் முதல்ல அடிபடும்."

திங்கட்கிழமை விடிய, முதல் பஸ்ஸில் நிலாவெளிக்குப் போனேன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பெண்பார்க்கப் போகிறவன்போல் முன் ஆசனத்தில் இருந்தேன். வாசலுக்கு வாசல் வான் நின்றது. சில வாசல்கள் திறக்கவில்லை. சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, பிள்ளையை ஏற்றினார்கள்.

உதடு பிளந்த சிறுமியின் தாய் என் பக்க ஜன்னலுக்கு வந்தார். சிறுமியின் வாயில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"நீங்களோ அந்தப் பிரேக் பிடிச்ச கம்பனி ஆள்?"

"ஓம் தங்கச்சி. நான்தான்."

"இப்ப நிப்பாட்டியாச்சோ?"

"ஓம். நானே அளந்து பாத்தனான்."

"அளந்ததை நம்பித்தான் முன்னால இருக்கிறீங்களோ?"

"ஓம்."

நான் பெல்ட் போட்டிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பூட்டு விழுந்திருக்கிறதா என்று தானே கையால் இழுத்துப் பார்த்தார். பிறகு மகளை எனக்கு நேர் பின்னால் இருத்திவிட்டுப் போனார்.

வதனி கியரை மாற்றினார். நேர்த்துண்டு வந்தது. அளந்தது நான். சனலை மாற்றியது நான். இனி ஒன்றும் நடக்காது என்று உலகத்தில் எவரையும்விட நன்றாகத் தெரிந்தவன் நான். பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டைப் பிழையாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஹோட்டல் கூரை தெரிந்தது. கம்பம் தெரிந்தது. வதனி வேகத்தைக் குறைக்கவில்லை.

"அண்ணை," என்றார், வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தங்கச்சி?"

"காலை எடுங்கோ. அந்தப் பக்கம் பிரேக் இல்லை."